எடுக்காமல் விடுவது

ஆங்கிலத்தில் ‘நெக்லிஜிபிள்’ என்றொரு சொல் உண்டு. கணக்கறிக்கைகளிலும் விஞ்ஞானப் பாடநூல்களிலும் அடிக்கடி வரும். ‘புறக்கணிக்கத்தக்க அளவு அற்பமானது’ என்று நம் பிள்ளைகள் பொருள் எழுதுவார்கள். பொருள் சரியே. ஆனால் அதன் வேரையும் சற்றே பாருங்கள்.

இலத்தீனில் ‘லெகேரே’ என்றால் எடுத்தல், தெரிந்தெடுத்தல். அதன் முன் மறுப்புச் சொல் சேர்ந்து பிறந்ததே இது. ஆகவே ‘எடுக்காமல் விடத்தக்கது’ என்பதே அடிப்பொருள். சிறுமை பொருளிடத்தில் இருக்கலாம். விட்டுவிடுவதோ மனிதன் செய்யும் முடிவு. ‘இது சிறியது’ என்பது அளவு. ‘இது நெக்லிஜிபிள்’ என்பது தீர்ப்பு. அரிசி மூடைக்கு ஒரு கிராம் அற்பம். பொன் நிறுக்கும் தராசில் அது அற்பமன்று. ஆதலால் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், “எதற்கு அற்பம்? யாருக்கு அற்பம்?” என்று கேட்பது நம் கடமை.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருந்தெருவில் உள்ள அக்குறணையை எண்ணிப் பாருங்கள். அங்கே பிங்கா ஓயா கடைவீதியை ஒட்டி ஓடுகிறது. பெருமழை வந்தால் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்துவிடும். பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நேரும் துன்பம் இது. கரையில் நிரப்பிய மண்ணும், நீரோட்டத்தை நெருக்கும் கட்டடங்களும், வழியெங்கும் கொட்டப்படும் குப்பையும் ஓயாவை ஒடுக்கிவிட்டன. ஒரு முழம் சுவர், ஒரு பை குப்பை: தனித்தனியே பார்த்தால் அற்பந்தான். நாம் கூட்டிப் பாராததை வெள்ளம் கூட்டிக் காட்டுகிறது. மேலே குப்பை எறிந்தவன் ஒருவன். கீழே சரக்கை இழப்பவன் வேறொருவன். எறிந்தவனுக்கு அற்பமானது, இழந்தவனுக்கு வாழ்வு!

பொருளுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த மலையக மக்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர்? பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டனர். அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க உடன்பட்டது 1974இல்தான். நாள்தோறும் கொழுந்தெடுத்த கைகளைப் பத்து ஆண்டுகள் எவரும் எடுக்கவில்லை! கணக்கில் அவர்கள் ஒரு மீதி. ஆனால் அந்த மீதிக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய், ஒரு குழந்தை இருந்தனர் அல்லவா?

அதே ‘லெகேரே’யிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்தது: ‘டிலிகேரே’. விரும்பித் தேர்ந்துகொள்ளல், அன்புசெய்தல் என்பது அதன் பொருள். கருத்தோடு உழைப்பவரைக் குறிக்கும் ‘டிலிஜென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் அதன் வழி வந்தது. ஒரே வேரில் புறக்கணிப்பும் அன்பும்! எடுக்காமல் விட்டால் முன்னது. கருத்தோடு எடுத்தால் பின்னது.

இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளை ஏதோ சொல்லத் தொடங்கலாம். “அது ஒன்றுமில்லை, சாப்பிடு” என்று வாய்வரை வரும் சொல்லை ஒரு நொடி நிறுத்துங்கள். யாருக்கு ஒன்றுமில்லை?