பங்கீடும் அறமும்

2022 யூலையில் எரிபொருட் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அக்காலத்தில் நாம் கடைக்கு நடந்தோம்; விரிவுரைக்குத் துவிச்சக்கர வண்டியிற் சென்றோம். 2023 செப்ரெம்பர் 1இற் பங்கீடு நீங்கியது. அன்று மாலையே அரை மைல் தொலைவிலுள்ள தேநீர்க்கடைக்கு நான் மோட்டார் சைக்கிளிற் போனேன்.

அவ்வாறாயின் அவ்வோராண்டுச் சிக்கனத்தை அறமெனலாமா? அறத்துக்குத் தெரிவு வேண்டும். 1990களிற் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்து மாணவர், மண்ணெண்ணெயைத் துளித்துளியாகச் செலவிட்டு, ஜாம் போத்தல் விளக்கிற் படித்தனர். அதனை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அது தாங்கும் வலிமை, துறவு அன்று. பறிக்கப்பட்டதைத் துறவெனப் போற்றுவது பறித்தவருக்கே துணைபோகும்.

‘நான் ஒருவன் ஒரு லீற்றரை மீதப்படுத்துவதால் என்ன குறையும்?’ என்பர் சிலர். ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக் குறையும். உலகளவில் அது ஒன்றுமேயில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் இலங்கை தன் பெற்றோலியம் முழுவதையும் அந்நியச் செலாவணி கொடுத்தே பெறுகிறது. மருந்துக்கும் அதே செலாவணிதான். 2022இல் இரண்டுக்கும் ஒருங்கே தட்டுப்பாடு வந்ததைக் கண்டோம். ஆகவே என் லீற்றர் எனக்கு மட்டும் உரிய கணக்கன்று.

ரயரின் காற்றைப் பார்த்தல், காத்துநிற்கையில் இயந்திரத்தை நிறுத்தல் போன்றவை மிகச் சிறியனவே. எவரும் கட்டளையிடாதபோது செய்தாலன்றி அவை நம்மைப் பற்றி எதனையும் கூறா. தேநீர்க்கடைக்கு நான் இப்போது நடந்தே செல்கிறேன், மழைநாள்கள் நீங்கலாக.