சட்டாம்பிள்ளைக்கு என்ன லாபம்?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் பட்டணம் போன பிறகு, பல தமிழ்ப்பள்ளிகளில் நூற்றைம்பது பிள்ளைகள்கூட இல்லை. மிகச் சிறிய பள்ளிகளில் இரு வேறு ஆண்டுகளின் மாணவர்கள் ஒரே அறையில் உட்காருவதுண்டு.

2018 முதல் படிப்படியாக வந்த ஆங்கிலப் பாடத்திட்டம் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, மொழிக்கலை என்று சுழல்கிறது. பாட்டும் கதையும் வரும் மொழிக்கலைக்கு இரு வகுப்பையும் சேர்த்துவிடலாம். வாசிப்பில்தான் சிக்கல். நான்காம் ஆண்டுப் பிள்ளையை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர உட்கார வைத்தால் ஆசிரியருக்குக் கை ஒழியும். ஆனால் அது நியாயமா?

மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று 1785இல் எழுதினார் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட். அதே நூற்றாண்டில் சென்னை எழும்பூர் அனாதை இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சிறுவர்களையே ஆசிரியராக்கினார். நம் திண்ணைப் பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த மாணவனான சட்டாம்பிள்ளைக்கு அது புதிதல்ல. 1797இல் லண்டனில் பெல் அந்த முறையை நூலாக்க, இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்கு மலிவான வழி கிடைத்தது. மலிவு என்பதே சந்தேகத்தைக் கிளப்புகிறது, இல்லையா?

சொல்லிக்கொடுப்பவனும் கற்கிறான் என்பது உண்மைதான். ஆனால் தனக்குத் தெரிந்ததையே வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் அவன் சம்பளமில்லாத உதவியாளன். திங்களன்று அவனிடம் அரை மணி நேரம் வாங்கினால், எழுத்துப் பாடத்தன்று சின்னவர்களைப் படம் வரைய விட்டு, ஆசிரியர் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும்; அதையும் வாரத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.