காணாது விட்டவனும் கொன்றவனா?

ஓர் உயிருக்கு ஊறு நேர்ந்தால், கையால் செய்தவன் யார் என்றே முதலில் தேடுகிறோம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவனை என்னவென்று சொல்வது? இவ்வினா சிராவகர் ஒவ்வொருவரும் சிந்திக்கற்பாலது.

2019 டிசம்பர் 2 ஆம் நாள் அதிகாலை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையில் ஒரு வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்தது. அருகிருந்த ஓட்டு வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அச்சுவர் குறித்து முன்பே முறையிட்டிருந்ததாக அப்பகுதி மக்கள் கூறினர். சரித்தது மழைதான், ஆனால் மழைக்கு அறம் இல்லை. சுவரை எழுப்பியவருக்கும், அதைக் காண வேண்டியவருக்கும் அறம் உண்டன்றோ?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. பள்ளி நடத்தியோருடன் கல்வித்துறை அலுவலரும் வழக்கில் நின்றனர். 2014 இல் தஞ்சை நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது. 2017 இல் உயர்நீதிமன்றம் அவர்களுள் பலரை விடுவித்தது. நீதிமன்றம் சாட்சியங்களை எடைபோடும். அங்கே விடுதலை பெற்றவரும் தம் நெஞ்சின் முன் மீண்டும் நிற்க வேண்டும்.

நம் ஆன்றோர் இம்சைக்கு வேராகச் சுட்டியது பிரமாதத்தை, அதாவது கருத்தின்மையை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை வந்து சேரும் வழி மூன்று என்றும் வகுத்தனர். கட்டடத்தைப் பாராமலே சான்றிதழில் ஒப்பமிடுபவர் இம்மூன்றனுள் எதில் சேர்வார்? அவர் எவரையும் வெறுக்கவில்லை. எவர் சாவையும் விரும்பவில்லை. எனினும் தீங்குக்கு உடன்பட்டார், பொய்யும் உரைத்தார்.

“ஓர் அலுவலர் எத்தனை கட்டடங்களைத்தான் பார்ப்பார்?” எனலாம். நியாயமே. ஆட்களைப் போதுமான அளவு அமர்த்தாத அரசுக்கும் இப்பழியில் பங்குண்டு. ஆயினும், பார்க்க இயலாதவர் ‘பார்க்கவில்லை’ என்று எழுதலாம். ‘பார்த்தேன்’ என்று எழுதுவதற்கு வேலைப்பளு காரணமாகாது.

அலுவலரை மட்டும் பழித்து நாம் ஒதுங்கவும் இயலாது. ஆய்வாளர் ஆண்டில் ஒருநாள் வருவார். உரிமையாளரோ நாள்தோறும் அங்கே இருப்பவர். கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் பஞ்சும் நூலும் துணியும் குவியும் கிடங்குகள் எத்தனை! ஒரு பொறி போதும். நீரை வடிகட்டிப் பருகி, இருள் சூழுமுன் உண்டு, சிற்றுயிரையும் காக்கும் ஒருவர், தம் கடையின் பின்வழியைச் சரக்கு மூட்டைகளால் அடைத்து வைத்தால் அவர் நோன்பு நிறைவுறுமா? பூட்டிய அவ்வழியின் உட்புறம் வேலை செய்வோரும் உயிர்களே.

எனவே அன்பர்களே, இன்றே நம் கடையிலும், கிடங்கிலும், திருமண மண்டபத்திலும் பின்கதவைத் திறந்து பார்ப்போம். திறக்கவில்லையெனில், ஆய்வாளர் வரும்வரை காத்திராமல் நாமே சீர்செய்வோம். அதுவும் கொல்லாமை நோன்பின் ஒரு பகுதியே.