வரிக் கணக்கும் நம் வாக்கும்

வருமான வரி என்ற பேச்சு எழுந்தவுடன் நம் வணிகர்களில் பலருக்கு முகம் சுருங்கும். அது மனித சுபாவம். அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது குற்றமா, வெறும் சாமர்த்தியமா என்ற கேள்வியை நமக்குள் நாம் கேட்டுக்கொள்வது அபூர்வம்.

மலேசியாவில் முன்பு வேறோர் ஏற்பாடு இருந்தது. வணிகர் பாரத்தை நிரப்பிக் கொடுப்பார். இலாகா உத்தியோகஸ்தர் அதைப் பார்த்து, வரி இவ்வளவு என்று கணக்கிட்டு நோட்டீஸ் அனுப்புவார். ஆகவே பாரத்தில் எழுதும் தொகையைச் சந்தையில் சொல்லும் முதல் விலை போலவே பலர் கருதினர். நாம் குறைத்துச் சொல்வோம், அவர் கூட்டிப் போடட்டும் என்பது அவர்கள் எண்ணம். கம்பெனிகளுக்கு 2001-லும், தனி வணிகர்களுக்கும் கூட்டு வியாபாரிகளுக்கும் 2004-லும் சுயமதிப்பீட்டு முறை வந்தது. இப்போது நாம் எழுதிக் கொடுப்பதே மதிப்பீடு. ஏடுகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும். இலாகா விரும்பினால் பின்னர் வந்து தணிக்கை செய்யும். அரசாங்கத்துக்கு வசூல் வேலை இலேசாயிற்று. நமக்கோ பாரம் கூடிற்று. வேலைப் பாரத்தைச் சொல்லவில்லை, வாக்கின் பாரத்தைச் சொல்கிறேன். எதிரே ஆளில்லாத இடத்தில் குறைத்துச் சொல்வதற்குப் பேரம் என்று பெயரில்லை.

"அடுத்த கடைக்காரர் மறைக்கிறாரே, நான் மட்டும் உள்ளபடி கட்டினால் அவர் விலைக்கு எப்படி விற்பேன்?" என்பார்கள். நியாயமான முறையீடுதான், எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. மறைத்த வரி கல்லாப்பெட்டியில் சும்மா கிடப்பதில்லை. அடுத்தவர் வியாபாரத்தை முறிக்கும் முதலாக மாறுகிறது. அப்படியானால் நஷ்டப்படுவது அரசாங்கம் மட்டுமன்று, அதே வரிசையில் கடை வைத்திருக்கும் நம் சகோதரருந்தான்.

2018 நவம்பரில் அரசாங்கம் ஒரு சலுகை அறிவித்தது. மறைத்ததைத் தாமே முன்வந்து சொல்வோருக்கு அபராதம் 2019 ஜூன் வரை 10 சதவீதம், பிறகு செப்டம்பர் வரை 15 சதவீதம். கருவூலத்துக்குப் பணம் வந்தது, மெய்தான். ஆண்டுதோறும் ஒழுங்காகக் கட்டியவர்கள் "எங்களுக்கு என்ன சலுகை?" என்று கேட்டால் அதில் தவறில்லை. எனக்கும் அந்த மனத்தாங்கல் உண்டு.

ஸகாத்தைப் பாருங்கள், அன்பர்களே. சரக்கை எண்ணி, வர வேண்டியதைச் சேர்த்து, கொடுக்க வேண்டியதைக் கழித்து, நாற்பதில் ஒரு பங்கை நாமே ஒதுக்குகிறோம். சுயமதிப்பீடு நமக்குப் புதிதா என்ன! மலேசியச் சட்டப்படி, தனிநபர் உரிய இடத்தில் கட்டிய ஸகாத், அவர் செலுத்த வேண்டிய வரியின் அளவுக்கு வெள்ளிக்கு வெள்ளி கழிக்கப்படுகிறது. இருந்தும் சிலர் அந்தக் கழிவைக் கேட்பதே இல்லை. ஸகாத் கொடுத்தது முழுச் சரக்குக்கு; பாரம் எழுதியது பாதிக் கணக்குக்கு. கழிவு கேட்டால் ரசீதே உண்மையைச் சொல்லிவிடும். ஆகையால் அது மேசை அறைக்குள்ளேயே கிடக்கிறது.