நாற்காலியை விட்டு எழுந்த பிறகு



அறுபது வயது நிறைந்தால் நம் வீடுகளில் மாலை போட்டு மணையில் உட்கார வைப்பார்கள். அலுவலகத்திலும் மாலை போடுவார்கள். அது வழியனுப்பும் மாலை. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷங்களும் ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்த வருஷத்தின் பெயரே திரும்பி வருவதால், சஷ்டியப்த பூர்த்தியை மறுபிறவிபோலக் கருதி மீண்டும் தாலி கட்டச் சொல்கிறது நம் மரபு. திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரே வயதை ஒரு பக்கம் தொடக்கம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் முடிவு என்கிறார்கள். பாதிப் பேர் இரண்டாவது பேச்சைத்தான் நம்பி விடுகிறோம்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு இந்தக் குழப்பம் குறைவு. 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-ல் 59 ஆயிற்று, 2021-ல் 60 ஆயிற்று. அந்தத் தேதி வந்தால் எழுந்து போக வேண்டியதுதான். இந்த நாட்டில் அப்படியில்லை. வயதைக் காட்டி வேலையை விட்டு அனுப்புவதை 1986-ம் வருஷத்துச் சட்டம் பெரும்பாலான தொழில்களில் தடுத்துவிட்டது. 65-ல் மெடிகேர் வரும்; 1960-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 67-ல் முழு சோஷியல் செக்யூரிட்டி வரும். ஆனால் "போதும்" என்ற சொல்லை நாமேதான் சொல்ல வேண்டும். பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ரூட் ஒன் சாலையில் முப்பது வருஷம் போய் வந்த நம்மவர்கள் பலர் இன்று இந்த வாசலில் தயங்கி நிற்கிறார்கள். பணக் கணக்கைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். கணக்கு சரியாக இருந்தும் சிலருக்குக் கால் எழுவதில்லையே, அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

எனக்குக் கும்பகோணம் நினைவுக்கு வருகிறது. வருஷம் 1880. அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். ஓய்வு பெற நினைத்தபோது அவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே ஆசிரியரிடம் தமக்குப் பின் படித்த ஓர் இளைஞர் திருவாவடுதுறை மடத்தில் இருந்தார், வயது இருபத்தைந்து. செட்டியார் அங்கே போய், ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பேசி, அந்த இளைஞரை அழைத்து வந்து தம் இடத்தில் அமர்த்தினார். அவர்தான் உ. வே. சாமிநாதையர். பிற்காலத்தில் ஐயர் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார்.

"எனக்குப் பிறகு இதை யார் செய்வார்கள்?" என்று செட்டியாரும் கேட்டிருப்பார். நாமும் கேட்கிறோம். ஆனால் நாம் கேட்கும்போது ஒருவராலும் முடியாது என்ற பதிலையும் சேர்த்தே வைத்துக்கொண்டு கேட்கிறோம். அவர் விடை தேடிக்கொண்டு திருவாவடுதுறைக்குப் போனார். (கோயில் குழுக்களிலும் சங்கங்களிலும் பல வருஷங்களாக ஒரே பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அப்படி இருந்தவன்தான்.)

அந்த இளைஞரும் ஒரு நாள் ஓய்வு பெற்றார். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயர், 1919-ல் அங்கிருந்து விலகியபோது அவருக்கு வயது 64. சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டன. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு 23 வருஷம் இருந்தார். 1924-ல் பெருங்கதையைப் பதிப்பித்தார். அந்த வருஷம் முதல் மூன்று வருஷம் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 82 வயதில், 1937-ல், தம் உரையோடு குறுந்தொகையைக் கொண்டு வந்தார். 85-ஐ நெருங்கும்போது ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் மறைந்தபோது அது முடியாமலே நின்றது.

இவற்றுள் என்னை அதிகம் தொட்டது 1933-34-ல் இரண்டு பாகமாக வந்த நூல். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு. பிள்ளையவர்கள் மறைந்தது 1876-ல். நடுவே 57 வருஷம் போயிருந்தது. வேலையும் ஏட்டுச் சுவடியும் அச்சுக்கூடமுமாகப் போன காலத்தில் தீராத கடன் ஒன்றை அவர் ஓய்வுக் காலத்தில் தீர்த்தார். நம் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்றாவது பாக்கி இருக்கும். எழுதாத கடிதம், பேசாமல் விட்ட அண்ணன், படித்த பள்ளிக்கூடம், பாதியில் நிறுத்திய தேவாரப் பாடம். வேலை இருந்தவரை "நேரமில்லை" என்பது நல்ல சாக்கு. ஓய்வு அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொள்கிறது. நமக்கு இருக்கும் பயத்தில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"எல்லோரும் ஐயராக முடியுமா? நாற்பது வருஷம் உழைத்தவன் சும்மா உட்காரக் கூடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாக உட்காரலாம். அமைதியாக உட்காரத் தெரிந்தவர்கள் மகான்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. அலுவலகத்தில் விட்ட அதிகாரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து விடுகிறோம். ஊரில் தலைமை எஞ்சினியராக இருந்துவிட்டு மகன் வீட்டுக்கு வந்த தந்தை, பாத்திரம் அடுக்கும் முறையில் மருமகளுக்கு மேற்பார்வை பார்க்கிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கார் ஓட்ட முடியாது, கோயிலுக்குப் போகக்கூட மகனின் சனிக்கிழமையை எதிர்பார்க்க வேண்டும். பேச்சுத் துணை கிடையாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வாருங்கள் என்று அழைக்கிறோம். அவரால் முடியுமா, விருப்பமா என்று கேட்கிறோமா?

தலை நரைத்துப் பேரனையும் கண்டபின் வானப்பிரஸ்தம் போகச் சொன்னது தர்ம சாஸ்திரம். பிளெய்ன்ஸ்பரோ பிரிசர்வில் ஏரிக்கரையோரம் நடந்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பிவிடுகிற நமக்கு அந்தக் காடு வேண்டாம். சாவிக்கொத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போ என்ற பகுதி மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது.

இத்தனையும் ஆண்களைப் பற்றியே எழுதிவிட்டேன். வீட்டு அம்மாளுக்கு எந்த வயதில் ஓய்வு? கணவர் வேலையை விட்ட அன்று முதல் அவளுக்கு மதியச் சமையலும் கூடுகிறது. அறுபதாம் கல்யாணத்தில் இருவரையும் சேர்த்துத்தான் மணையில் உட்கார வைக்கிறார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் டிகாக்ஷன் யார் போடுவது என்பதை அதற்கு முன்பாகவே இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.