சந்தா கட்டாதவர் வீடு

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓபயன் கவுண்டியில் ஒரு வீடு தீப்பிடித்தது. குப்பை கொளுத்திய இடத்திலிருந்து பரவிய தீ. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போயிற்று, வண்டி வரவில்லை. வீடு சவுத் ஃபுல்டன் நகர எல்லைக்கு வெளியே இருந்தது. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டியிருந்தால்தான் வண்டி வரும் என்பது அன்றைய விதி. அந்த வீட்டுக்காரர் கட்டவில்லை. எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று கெஞ்சியும் பயனில்லை. தீ பக்கத்து நிலத்துக்குத் தாவியதும் வண்டி வந்தது. அந்த நிலத்துக்காரர் சந்தா கட்டியவர். வீரர்கள் அவர் பக்கம் மட்டும் தண்ணீர் அடித்துவிட்டு, வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நாய்களும் ஒரு பூனையும் உள்ளேயே கருகின.

கேட்கும்போதே ரத்தம் கொதிக்கிறது. ஆனால் நகரத்தார் பக்கமும் நியாயம் உண்டு. வண்டிக்கும் ஆட்களுக்கும் செலவழிப்பது நகரத்தின் வரிப்பணம். வெளியூர்க்காரர் அந்த வரியைக் கட்டுவதில்லை. தீப்பிடித்த பிறகு கட்டினால் போதும் என்றால் முன்கூட்டியே யார் கட்டுவார்கள்? ஒழுங்காகக் கட்டியவர்தானே ஏமாளி?

வாதம் வலுவானதுதான். ஆனால் அது காப்பீட்டுக்குப் பொருந்துகிற வாதம். எரிந்த வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராவிட்டால் அந்த இழப்பு சந்தா கட்டாதவரோடு நின்றுவிடும். தீ அப்படி நிற்பதில்லை, ஓபயனிலும் நிற்கவில்லை. அதைவிட முக்கியமானது, குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவரின் நிலை. தண்ணீர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, அணைக்கத் தெரியும். அந்த இடத்தில் பேரேட்டைப் பார்க்கச் சொல்லும் விதி, அவர் எதற்காக அந்த வேலைக்கு வந்தாரோ அதையே செய்யாதே என்கிறது. பழியை அவர்மேல் போடுவது நியாயமில்லை; அது விதி எழுதியவர்களைச் சேர்ந்தது. வண்டியை அனுப்பிவிட்டு, சந்தாவைப்போல் பல மடங்கு அபராதத்தைப் பிறகு வசூலித்திருக்கலாம். சந்தா கட்டியவரும் ஏமாளி ஆகியிருக்க மாட்டார்.

எரிகிற தீயிலும் காசுக் கணக்கு பார்ப்பது புதிதல்ல. பண்டைய ரோமில் கிராசஸ் என்ற பெருஞ்செல்வன் எரிகிற வீடுகளையும் அவற்றை ஒட்டியவற்றையும் அடிமாட்டு விலைக்கு வாங்கினான் என்று வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். லண்டனில் 13,200 வீடுகளை அழித்த 1666 பெருந்தீக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றித் தங்களுக்கென்று தீயணைப்புப் படைகளை வைத்துக்கொண்டன; காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் ஈயத் தகடு பதித்தன. தகடு இல்லாத வீட்டை எரியவிட்டுப் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. தகடு இல்லாத வீட்டை விட்டால் அடுத்தது தகடு உள்ள வீடு என்பது வியாபாரிக்குத் தெரியாதா என்ன?

1833இல் அந்த நிறுவனங்கள் தங்கள் படைகளை ஒன்றாக இணைத்தன. 1861இல் லண்டனின் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இடிந்து விழுந்த சுவருக்கடியில் மாண்டார். நிறுவனங்களுக்குப் பெருநஷ்டம், இனி இந்தச் சுமை எங்களால் முடியாது என்று அரசிடம் சொல்லிவிட்டன. லண்டனுக்குப் பொதுத் தீயணைப்புப் படை கிடைத்தது இப்படித்தான், யாருடைய தர்ம சிந்தனையாலும் அல்ல. 1865இல் சட்டம் நிறைவேறி, 1866 ஜனவரி 1 முதல் அந்தப் படை நகரம் முழுவதற்கும் பொதுவானது.