நல்ல ஜாதி

நாயையும் கோழியையும் ஒரே கொல்லையில் வளர்க்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், முன்பெல்லாம் நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். "எந்த ஜாதி நாய்?" என்பேன். சிப்பிப்பாறையா? கூடவே கூடாது, ஓடுகிற எதையும் துரத்தப் பிறந்தது அது. ராஜபாளையமா? யோசித்துச் செய்யுங்கள், காட்டுப் பன்றியை மடக்கிய வம்சம். லாப்ரடாரா? கவலையே வேண்டாம், குழந்தை மாதிரி. பிறப்பை வைத்துப் பலன் சொல்லும் ஜோசியனைப் போல இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு அந்த ஜோசியத்தை விட்டுவிட்டேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறாள். தெருவில் எல்லாருக்கும் அவள் ஆயாதான். கொல்லையில் ஏழெட்டு நாட்டுக் கோழிகள் வளர்க்கிறாள். முட்டை விற்று வரும் காசில் வெற்றிலை பாக்கு; எப்போதாவது பேத்திக்கு ஒரு ரிப்பன். மகன் சோறு போடுகிறான், குறை சொல்ல முடியாது. ஆனால் யாரையும் கேட்காமல் செலவழிக்கிற காசு அந்தக் கோழிகள் கொடுப்பது ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் வேலியோரம் ஒரு பெட்டைக் கோழி செத்துக் கிடந்தது. யார் செய்த வேலை என்று யாரும் யோசிக்கவில்லை. தெருமுனையில் டீக்கடைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த செவலை நாயின் மேல் எல்லார் கண்ணும் போயிற்று. அதற்குச் சொந்தக்காரர் இல்லை. ஆகவே வக்கீலும் இல்லை. நாலைந்து பையன்கள் கம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'அடிக்காதீர்களப்பா' என்று சொல்ல வாய் எடுத்தேன். 'தெருநாய்தானே, வேறு எது செய்திருக்கும்?' என்ற நினைப்பு முந்திக்கொண்டது, வாய் மூடிக்கொண்டது. செவலையின் பின்னங்கால் ஒன்று முறிந்துபோயிற்று.

எட்டு நாள் கழிந்திருக்கும். கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஜிம்மி கொல்லைப்புறமிருந்து மெல்ல நடந்து வந்து, வாயில் கவ்வியிருந்த ஒரு கோழியை என் காலடியில் வைத்தது. வைத்துவிட்டு வாலை ஆட்டியபடி என் முகத்தையே பார்த்தது. கோழியின் மேல் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு பல் பட்ட அடையாளம் இல்லை. ஆனால் உயிர் இல்லை. முதலில் செத்த கோழியின் உடம்பிலும் காயம் எதுவும் இல்லை என்று ஆயா அதிசயப்பட்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஜிம்மி லாப்ரடார். நல்ல விலை கொடுத்து, வம்சாவளிப் பத்திரத்தோடு வாங்கி வந்த நாய். வேட்டைக்காரன் சுட்டு விழுத்திய வாத்தையும் காடையையும் கசக்காமல் கவ்விக்கொண்டு வந்து கொடுப்பதற்காகச் சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே இங்கிலாந்தில் பக்குவப்படுத்தப்பட்ட இனம் அது. மெத்தென்ற வாய்தான் அதன் பெருமை. அந்தப் பெருமையைத்தான் அது என் காலடியில் வைத்தது. சுட ஆள் இல்லாத குறையைத் தானே நிரப்பிக்கொண்டது, அவ்வளவுதான். அது செய்தது கொலையா, ஊழியமா? அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு 'கொலை' என்று சொல்ல என்னால் முடியவில்லை. செவலை செய்ததாக நினைத்தபோது மட்டும் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது!

1474-ஆம் ஆண்டில், இன்று ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் பாசல் நகரத்தில், ஒரு சேவல் முட்டையிட்டது என்று குற்றம் சாட்டி, விசாரித்து, முட்டையோடு சேர்த்து அதை நெருப்பிலிட்டுக் கொளுத்தினார்கள். இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. பாசல்காரர்களாவது விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். எங்கள் தெருவில் அதுவும் இல்லை.

தவறு எங்கே இருக்கிறது, செய்கையிலா, அறிவிலா என்று யோசிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கோயில் கதைதான் என் மனத்தில் வந்து நிற்கிறது. தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. அவன் வாளால் கொடியை வெட்டுகிறான். ரத்தம் பெருகுகிறது, கொடிக்குள் லிங்கம் இருக்கிறது. அவன் அறிந்து செய்யவில்லை. ஆனாலும் தன் கழுத்தையே அறுத்துக்கொள்ளத் துணிகிறான். ஈசன் தடுத்து ஆட்கொள்கிறான். மாசிலாமணீசுவரர் திருமேனியில் அந்த வெட்டுக்காகச் சந்தனக் காப்பு இடுகிறார்கள். அறியாமல் செய்தவனே 'நான் செய்தேன்' என்று ஒப்புக்கொண்ட கதை இது. அறிந்திருக்க வேண்டியவன், அறிந்துகொள்ளச் சோம்பியவன் என்ன செய்வது?

அந்தச் சோம்பேறி நான்தான். நாயின் குணத்தை இனம் தீர்மானிக்கிறது என்பதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டும், அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவைப் பார்த்தும், நாய்க்கு நாய் நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது 9 சதவிகிதம்தான் என்று சொல்லிற்று. வேறொன்று, ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் 1965-இலேயே புத்தகமாக எழுதிவிட்டார்கள்: பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையில் குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றைத்தான் தன் உலகமாக ஏற்றுக்கொள்கிறது. ஆட்டு மந்தைக்குக் காவல் நிற்கும் நாய்களைக் குட்டியிலேயே ஆடுகளோடு விடுவது இதனால்தான். கிராமத்து வீடுகளில் நாட்டு நாயின் முதுகை ஒட்டிக் கோழிக்குஞ்சு மேய்வதை நாம் பார்த்ததில்லையா? அந்த நாய் கண் விழித்த நாள் முதல் கோழியைப் பார்த்தது. செவலையும் இந்தத் தெருவிலேயே பிறந்து, இந்தக் கோழிகளின் நடுவிலேயே வளர்ந்த நாய். என் ஜிம்மியோ அந்த வாரங்களைக் கம்பிக் கூண்டிலும் மொசைக் தரையிலும் கழித்தது. கோழி என்று ஒரு பிராணி உண்டு என்பதே அதற்குத் தெரியாது. அதைத் தெரிவிக்காதவன் நான். வேலியில் ஓட்டை இருப்பது தெரிந்தும் 'லாப்ரடார்தானே' என்று அடைக்காமல் விட்டவனும் நான்.

செத்த கோழியையும் இரண்டு கோழிக்கான பணத்தையும் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் ஆயா வீட்டுக்குப் போனேன். "ஆயா, இதைச் செய்தது எங்கள் ஜிம்மி. அன்றைக்குச் செத்ததும் அதனால்தான்" என்றேன்.

ஆயா சிரித்துவிட்டாள். "அட போங்க ஐயா! அது நல்ல ஜாதி நாயி, அது பண்ணுமா? அந்தப் பொறுக்கி நாயி கடிச்சுப் போட்டிருக்கும், உங்க புள்ளை தூக்கியாந்திருக்கும். பாவம், அதும்மேல ஏன் பழியைப் போடறீங்க?" என்றாள்.

நான் மறுபடியும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பணத்தை மட்டும், நான் வற்புறுத்தியதற்காக, வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். அவள் நம்பாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொன்ன புண்ணியமும் கிடைத்தது, ஜிம்மியின் பெயரும் கெடவில்லை என்று ஒரு நிமிஷம் மனம் லாபக் கணக்குப் போட்டது. தெருவில் இறங்கிய பிறகுதான் அந்தக் கணக்கு நாறியது. வேலைக்காரி வீட்டில் சாமான் காணாமல் போனால் யாரை முதலில் பார்க்கிறோம், யாரைப் பார்ப்பதே இல்லை என்பதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

மறுநாள் வேலியை அடைத்தேன். கம்பு எடுத்த பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்; மற்றவர்கள் நான் ஏதோ வேடிக்கை பேசுவதாக நினைத்தார்கள். ஜிம்மியை இப்போது கயிற்றில் பிடித்து, தினமும் கால் மணி நேரம் கோழிகளுக்கு எதிரே உட்கார வைக்கிறேன். வயது கடந்த பாடம், மெதுவாகத்தான் ஏறுகிறது.

செவலை மூன்று காலில் நடக்கிறது. டீக்கடையில் பிஸ்கட் வாங்கி நீட்டுகிறேன். கையிலிருந்து அது வாங்குவதில்லை. தரையில் வைத்துவிட்டு நான் பத்தடி தள்ளிப் போன பிறகுதான் வருகிறது.